இன்ஜின் போல்ட் ஏன் காலத்துக்கு முன்பே உடைகிறது? உடைந்த துண்டிலிருந்து உண்மைக் காரணம் வரை ஒரு முழு வழிகாட்டி

இன்ஜினில் ஒரு போல்ட் உடைந்துவிட்டால் பல இடங்களில் நடப்பது இதுதான். மாட்டிக்கொண்ட துண்டைத் துளைபோட்டு வெளியே எடுத்துத் தூக்கி எறிவார்கள், "போல்ட் சரியில்லை" என்பார்கள், அதைவிட உயர்ந்த தரத்தில் ஒன்றை வாங்கி இன்னும் கொஞ்சம் பலமாக முறுக்கி மாட்டிவிடுவார்கள். கொஞ்ச நாளில் அதுவும் உடையும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பது உடையும். ஒரு ஃப்ளைவீல் விஷயத்தில் நானும் இதையே செய்திருக்கிறேன். 10.9 தரப் போல்ட் உடைந்தது, அதைவிட வலுவான 12.9 தரம் போட்டோம், அதுவும் உடைந்தது. மூன்றாவது முறைதான் ஃப்ளைவீல் உட்காரும் முகத்தைக் கழுவிப் பார்த்தோம். அங்கே பெயின்ட் அடித்திருந்தது. ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கி வெளியேற, போல்ட்டின் இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோயிருக்கிறது. நாங்கள் போல்ட்டை மாற்றிக்கொண்டே இருந்தோம், பெயின்ட் அப்படியே இருந்தது.

மோசமான எஃகால் போல்ட் உடைவது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட அதிகமாக நடப்பது, பிடிப்பு போய், அதன்பின் போல்ட் உடைவது. அந்தப் பிடிப்பு எப்போது, எதனால் போனது என்பதைத்தான் தேட வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வகம் எடுத்த எடுப்பிலேயே தேவையில்லை. நல்ல வெளிச்சம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மைக்ரோமீட்டர், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று காட்டுவது), ஒரு கேமரா, அப்புறம் பொறுமை. இவை இருந்தால் பாதி தூரத்துக்கு மேல் போய்விடலாம்.

வேலையைத் தொடங்கும் முன்: போல்ட் ஒரு ஸ்பிரிங்

இது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

போல்ட்டை முறுக்கும்போது அது நீள்கிறது. நீண்டதால் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது, அந்தச் சுருங்கும் விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. எவ்வளவு நீளும்? 50 மில்லிமீட்டர் பிடிப்பு நீளமுள்ள (தலைக்கும் நட்டுக்கும் நடுவில் இழுபடும் நீளம்) எஃகு போல்ட்டில் 600 மெகாபாஸ்கல் இழுதகைவு வரும்வரை முறுக்கினால் நீட்சி சுமார் 0.15 மில்லிமீட்டர்தான், ஒன்றிரண்டு தாள் கனம். இப்போது வாஷருக்கு அடியில் இருந்த பெயின்டோ பிசிறோ 0.05 மில்லிமீட்டர் நசுங்கினால் பிடிப்பில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். அதே போல்ட் 15 மில்லிமீட்டர் பிடிப்பு நீளமே உள்ள குட்டைப் போல்ட்டாக இருந்தால் மொத்த நீட்சியே 0.045 தான், அதே நசுங்கலில் கிட்டத்தட்ட எல்லாமே போய்விடும். குட்டைப் போல்ட்டுகள் ஏன் அடிக்கடி தளர்கின்றன என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது.

அடுத்தது இதைவிட முக்கியம். நன்றாக இறுக்கப்பட்ட இணைப்பில் வெளியிலிருந்து வரும் ஏறி இறங்கும் விசையில் போல்ட்டுக்குப் போய்ச் சேர்வது சிறு பங்குதான், பெரும்பாலும் 10 முதல் 25 சதவீதத்துக்குள். மீதியை அழுத்தப்பட்டிருக்கும் பாகங்களே வாங்கிக்கொள்கின்றன. இறுக்கம் குறைந்து முகங்கள் பிரிய ஆரம்பித்த நொடியில் அந்தக் கவசம் போய், வெளி விசை முழுவதும் போல்ட் மேலேயே வந்து விழும். அதனால்தான் பலமாக இருக்கும் போல்ட்கூடத் தளர்ந்தால் சோர்ந்து உடைகிறது (திரும்பத் திரும்ப வரும் விசையில் சிறு விரிசல் மெல்ல வளர்ந்து உடைவதைத்தான் சோர்வு என்கிறோம்), சுமாரான போல்ட் சரியாக இறுக்கப்பட்டால் இன்ஜின் ஆயுள் முழுக்க நிற்கிறது.

மூன்றாவது, டார்க் என்பது பிடிப்பு இல்லை. நீங்கள் ரெஞ்சில் கொடுக்கும் முயற்சியில் பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகப் போகிறது, சுமார் 40 சதவீதம் மரையில் உராய்வாகப் போகிறது, போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. எண்ணெய் போட்டா, போடாமலா, துருப்பிடித்ததா, புதுப் பூச்சா என்பதைப் பொறுத்து உராய்வு கொஞ்சம் மாறினாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கு தலைகீழாக மாறிவிடும். எண்ணெய் தடவி முறுக்கச் சொன்ன அளவை உலர்ந்த மரையில் போட்டால் ரெஞ்ச் "டிக்" என்று சொல்லும், ஆனால் பிடிப்பு பற்றாது. உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் போட்டு முறுக்கினால் போல்ட் நீண்டே போய்விடும்.

படி 1: உடைந்த முகத்தைத் தொடாதீர்கள்

உடைந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பொருத்திப் பார்க்கக் கை துடிக்கும். செய்யவே கூடாது. உடைந்த முகத்தில் உள்ள வரிகள் முடியைவிட மெல்லியவை, ஒருமுறை உரசினாலே அழிந்துவிடும். வயர் பிரஷ், எமரி, துரு நீக்கும் அமிலம், பலமான காற்று எதுவும் வேண்டாம்.

கழற்றுவதற்கு முன்பே படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, நெருக்கத்தில் ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று. எந்த சிலிண்டர், எந்த வரிசை, போல்ட்டின் எந்தப் பக்கம் இன்ஜினின் எந்தப் பக்கத்தைப் பார்த்தது என்பதைப் பெயின்ட் மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். விரிசல் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்று பிறகு தெரியும்போது இந்தக் குறி இல்லாவிட்டால் அது எதை நோக்கி இருந்தது என்று சொல்லவே முடியாது.

உடையாமல் இருக்கும் மற்றப் போல்ட்டுகளை அப்படியே கழற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சால் இறுக்கும் திசையில் மெதுவாகத் தள்ளி, எந்த அளவில் லேசாக அசைகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். துருவும் உராய்வும் இந்த அளவைக் கெடுக்கும், உண்மைதான், ஆனாலும் பத்துப் போல்ட்டில் எட்டு 80 நியூட்டன் மீட்டரில் அசைந்து இரண்டு மட்டும் 25 இல் அசைந்தால் அதற்கு மேல் என்ன தடயம் வேண்டும்? கழற்றிவிட்டால் இந்தத் தகவல் திரும்பக் கிடைக்காது.

பிறகு ஒவ்வொரு துண்டையும் தனித்தனிப் பையில் போட்டு எண் எழுதுங்கள். நட், வாஷர், உள்ளே மாட்டிய துண்டு எல்லாமே வேண்டும். உள்ளே இருக்கும் துண்டை எடுக்கத் துளை போட்டால் அந்த முகம் போய்விடும், ஆனால் தலைப் பக்கத்து முகம் அதன் ஜோடிதான், அதைக் கண்ணாகக் காப்பாற்றினால் போதும். ஈரம் படாமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். துருவோ இரசாயனமோ காரணம் என்ற சந்தேகம் துளியும் இல்லையென்றால் முகத்தில் மெல்லிய எண்ணெய் தடவி வைக்கலாம். சந்தேகம் இருந்தால் எண்ணெய் வேண்டாம், முகத்தில் ஒட்டியிருப்பதுதான் அப்போது சாட்சி.

படி 2: கதையைக் கேளுங்கள்

இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசியாக எப்போது திறந்தார்கள், பழைய போல்ட்டையே திரும்பப் போட்டார்களா, எந்த எண்ணெய், எந்த ரெஞ்ச், அதை எப்போது அளவு சரிபார்த்தார்கள். டார்க் ரெஞ்சை 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5000 முறை பயன்படுத்தியதும் சரிபார்ப்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி வந்துவிடக் கூடாது. வந்துவிட்டால் எல்லோரும் "புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தோம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள், உண்மை உள்ளேயே இருந்துவிடும்.

நேரம் பெரிய தடயம். முறுக்கும்போதே உடைந்தால் அதிக டார்க், தவறான மரை, அல்லது மென்மையான போல்ட். முறுக்கி வைத்துவிட்டுப் போய், இன்ஜின் ஓடாமலே சில மணி நேரத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ தலை கழன்று விழுந்தால், எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும் ஹைட்ரஜனைச் சந்தேகப்படுங்கள் (படி 4 இல் பார்ப்போம்). ஓடத் தொடங்கிச் சில மணி முதல் சில நூறு மணிக்குள் என்றால் பிடிப்புக் குறைவும் சோர்வும். பல ஆயிரம் மணி கழித்து என்றால் துரு, சூட்டில் தளர்வு, தேய்மானம்.

சோர்வு முறிவுக்கு இவ்வளவு சீக்கிரமா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நான்கு வீச்சு இன்ஜினில், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை என்று ஒரு மணி நேரத்தில் 90,000 முறை முழுமையாக இழுபடுகிறது. பத்து லட்சம் முறை என்பது சுமார் பதினொரு மணி நேர ஓட்டம்.

படி 3: பல போல்ட் உடைந்திருந்தால் முதலில் உடைந்தது எது?

ஆறு போல்ட்டும் உடைந்து கிடந்தால் ஆறுக்கும் ஆறு காரணம் தேடாதீர்கள். ஒன்று மெதுவாக உடைந்திருக்கும், அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறி அவை வேகமாகப் போயிருக்கும். எதன் முகத்தில் வழுவழுப்பான பகுதி மிகப் பெரியதாக இருக்கிறதோ, எதன் முகம் அதிகம் பழையதாக, கறுத்ததாக இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் முதல். வளைந்து, இழுபட்டு, சொரசொரப்பாக உடைந்தவை கடைசி.

கனெக்டிங் ராடில் இது இன்னும் சிக்கல். ராட் போல்ட் உடைந்ததால் இன்ஜின் நாசமானதா, பேரிங் எண்ணெய் இல்லாமல் இறுகியதால் போல்ட் உடைந்ததா? ராடின் பெரிய முனையைப் பாருங்கள். எஃகு 200 டிகிரியைத் தாண்டும்போது வைக்கோல் நிறமாகவும் 300 டிகிரி வாக்கில் நீலமாகவும் மாறும். நீலம் பாய்ந்து, பேரிங் ஷெல் சுழன்று உருகியிருந்தால், போல்ட் முகத்திலும் சோர்வு வரிகள் இல்லையென்றால், போல்ட் பாதிக்கப்பட்டது, தொடக்கம் எண்ணெய்ப் பக்கம் இருக்கிறது.

படி 4: உடைந்த முகத்தைப் படியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். எண்ணெய் அழுக்கு இருந்தால் அசிட்டோனும் மென்மையான பிரஷும் போதும். ஒரே ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, போல்ட்டை மெதுவாகச் சுற்றுங்கள், நிழல்கள் கதை சொல்ல ஆரம்பிக்கும்.

முதலில் எங்கே உடைந்தது என்று பாருங்கள். நட்டுக்குள்ளோ பிளாக்குக்குள்ளோ நுழையும் முதல் மரையில் சுமை குவிகிறது, மொத்தச் சுமையில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அந்த ஒரு மரையே தாங்குகிறது. சோர்வு முறிவில் பெரும்பாலானவை அங்கேதான். அதற்கு அடுத்தது மரை முடிந்து தண்டு தொடங்கும் இடம், பிறகு தலைக்குக் கீழே தண்டு சேரும் வளைவு. இந்த மூன்றும் இல்லாமல் வழுவழுப்பான தண்டின் நடுவில் உடைந்திருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். அங்கே கீறல், துருக்குழி, எஃகுக்குள் அழுக்கு, தயாரிப்பில் வந்த மடிப்பு என்று ஏதாவது இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து முகத்தின் தோற்றம். சோர்வு முறிவு என்றால் முகம் தட்டையாக, போல்ட்டின் அச்சுக்குச் செங்குத்தாக இருக்கும். ஒரு பகுதி வழுவழுப்பு, இன்னொரு பகுதி சொரசொரப்பு. வழுவழுப்பான பகுதியில் சிப்பி ஓட்டில் இருப்பது போல வளைந்த வரிகள் தெரியலாம், இன்ஜின் நின்று நின்று ஓடிய, சுமை மாறி மாறி வந்த அடையாளம் அவை. அந்த வளைவுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி இருக்கின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. ஒரே வேகத்தில் ஒரே சுமையில் ஓடும் இன்ஜினில் இந்த வரிகள் தெரியாமலே போகலாம், அதனால் வரி இல்லை என்பதற்காகச் சோர்வு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

விளிம்பில் சிறு படிகள் போல ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கங்கள் இருந்தால் சுமை அதிகம் அல்லது மரையின் அடி கூர்மை. ஒரே ஒரு தொடக்கம், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் என்றால் போல்ட் வளைக்கப்பட்டிருக்கிறது: தலை உட்காரும் முகம் சாய்வாக இருந்ததா, துளை கோணலா என்று பாருங்கள். எதிரெதிர் இரண்டு பக்கத்திலிருந்தும் விரிசல் வந்து நடுவில் சந்தித்திருந்தால் அது இரு பக்கமும் மாறி மாறி வளைந்தது, தளர்ந்த இணைப்பு பக்கவாட்டில் ஆடியதன் தெளிவான கையெழுத்து.

இப்போது சொரசொரப்பான கடைசிப் பகுதி எவ்வளவு என்று மதிப்பிடுங்கள். முகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வழுவழுப்பாக இருந்து கடைசியில் ஒரு சிறு மூலை மட்டும் பிய்ந்திருந்தால், போல்ட்டின் மேல் இருந்த இழுவை உண்மையில் குறைவுதான். அவ்வளவு சிறிய பரப்பு மிஞ்சும்வரை தாங்கியிருக்கிறதே! அந்தப் போல்ட்டுக்கு உயர்ந்த தரம் வாங்கிப் போடுவதில் அர்த்தமே இல்லை. மாறாக வழுவழுப்பு ஓரத்தில் கொஞ்சம்தான், மீதி முழுக்கச் சொரசொரப்பு என்றால் சுமை உண்மையிலேயே அதிகம்.

ஒரே இழுப்பில் உடைந்தது வேறு மாதிரி. தண்டு மெலிந்து கழுத்துப் போல ஒடுங்கியிருக்கும், முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் நார் நாராக இருக்கும், விளிம்பில் 45 டிகிரியில் சரிவான உதடு. முறுக்கி உடைந்ததென்றால் முகம் தட்டையாக, நடுவைச் சுற்றிச் சுழல் கோடுகளோடு இருக்கும்.

ஹைட்ரஜனால் உடைந்தது இரண்டிலும் சேராது. மெலிவு இல்லை, சிப்பி வரி இல்லை, முகம் கற்கண்டை உடைத்தது போலச் சிறு சிறு பட்டைகளாக மினுங்கும். எஃகின் படிகத் துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததால் வரும் மினுக்கம் அது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் போட்டால் சந்தேகமே இருக்காது. இதற்கு மூன்று பொருத்தம் வேண்டும்: மிகக் கடினமான எஃகு, இழுவை, ஹைட்ரஜன். கடினத்தன்மையைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 39 ஐத் தாண்டிய போல்ட்டுகள்தான் முக்கியமாக மாட்டிக்கொள்ளும், அதாவது 12.9 தரம். அமிலத்தில் சுத்தம் செய்து மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே போகும், பூசிய சில மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். பளபளவென்று ஜிங்க் முலாம் பூசிய 12.9 போல்ட்டை இன்ஜினுக்குள் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. உள்ளே இருந்த ஹைட்ரஜன் மட்டுமில்லை, ஈரமும் துருவும் பிறகு கொண்டுவரும் ஹைட்ரஜனும் போதும். 2013 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ ஓக்லாந்து பே பாலத்தில் கால்வனைஸ் செய்த 96 பெரிய நங்கூரக் கம்பிகளில் 32 இறுக்கிய சில நாட்களில் உடைந்தது இந்தக் குடும்பத்துச் சிக்கல்தான்.

படி 5: அளந்து பாருங்கள்

உடையாத ஜோடிப் போல்ட்டைப் புதிய போல்ட்டோடு பக்கத்தில் வைத்து நீளத்தை மைக்ரோமீட்டரால் ஒப்பிடுங்கள். கனெக்டிங் ராட் போல்ட் 0.025 மில்லிமீட்டர் நிரந்தரமாக நீண்டிருந்தாலே பல தயாரிப்பாளர்கள் அதைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். நீள்வதற்கென்றே வடிவமைத்த, கோண அளவில் முறுக்கும் போல்ட்டுகளுக்குக் கையேட்டில் தனி எல்லை இருக்கும், அதைப் பாருங்கள். மைக்ரோமீட்டர் இல்லையென்றால் புதிய நட்டைக் கையால் மரையில் ஓட்டிப் பாருங்கள், நடுவில் இறுகி நின்றால் மரையின் இடைவெளியே இழுபட்டிருக்கிறது.

அடுத்து கடினத்தன்மை. தலையில் உள்ள எண்ணை முதலில் படியுங்கள்: 10.9 என்றால் முதல் எண்ணை நூறால் பெருக்க வரும் 1000 மெகாபாஸ்கல் இழு வலிமை, அதில் 90 சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். ராக்வெல் சி அளவில் 8.8 தரம் 22 முதல் 32 வரை, 10.9 தரம் 32 முதல் 39 வரை, 12.9 தரம் 39 முதல் 44 வரை இருக்க வேண்டும். மேற்பரப்பில் மட்டும் அளக்காதீர்கள். வெப்பப் பதனத்தில் மேல் தோலின் கார்பன் எரிந்துபோயிருந்தால் மேலே மென்மையாகவும் உள்ளே சரியாகவும் இருக்கும், மரையின் அடி மென்மையானால் சோர்வைத் தாங்காது. குறுக்கே வெட்டி, மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவிலும் அளக்க வேண்டும்.

தலையில் இருக்கும் குறியை அப்படியே நம்பவும் கூடாது. அமெரிக்காவில் 1990 இல் போல்ட் தரத்துக்கென்றே ஒரு சட்டம் வந்ததற்குப் பின்னால், தரக்குறைவான போல்ட்டுகளில் உயர்ந்த தரத்தின் குறியைப் போட்டு விற்ற பெரிய சிக்கல் இருந்தது. அவற்றில் சில போரான் எஃகால் ஆனவை. அறை வெப்பத்தில் சோதித்தால் தேறிவிடும், சூட்டில் வலுவிழக்கும். அதனால் சூடான இடத்துப் போல்ட்டுக்குக் கடினத்தன்மை மட்டும் சரியாக இருப்பது போதாது, எஃகின் கலவையும் தெரிய வேண்டும்.

படி 6: போல்ட்டை விட்டுவிட்டு இணைப்பைப் பாருங்கள்

பலர் இந்தப் படிக்கு வருவதே இல்லை. எங்களுக்குப் பெயின்ட் கிடைத்ததும் இங்கேதான்.

தலைக்கு அடியில் இருக்கும் தடம் முழு வட்டமாக, சமமாக இருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக இருந்தால் முகம் சாய்வு. சேரும் முகங்களுக்கு நடுவில் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தால் அவை நுண்ணளவில் உரசி ஆடியிருக்கின்றன, அதாவது பிடிப்பு பற்றவில்லை. போல்ட்டின் தண்டில் துளையின் விளிம்பு உரசிய தழும்பு இருந்தால் பாகங்கள் பக்கவாட்டில் நகர்ந்திருக்கின்றன. பக்கவாட்டு ஆட்டம்தான் நட்டைத் தானாகக் கழல வைப்பதில் மிக மோசமானது என்பதை கெர்ஹார்ட் யுங்கர் 1969 இலேயே சோதனை செய்து காட்டிவிட்டார். ஸ்பிரிங் வாஷர் போட்டால் சரியாகிவிடும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள், அந்தச் சோதனையில் அது உதவுவதில்லை.

அடைத்த துளை (மறுபக்கம் திறக்காதது) என்றால் அதன் ஆழத்தை அளந்து போல்ட் நீளத்தோடு ஒப்பிடுங்கள். போல்ட்டின் நுனி அடியில் முட்டினால் டார்க் ஏறும், பிடிப்பு வராது. துளைக்குள் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தாலும் அதேதான், கூடவே அடைபட்ட திரவத்தின் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விடலாம். பிளாக்கின் மரையில் பழைய பசை, துரு, உலோகப் பிசிறு இருக்கிறதா என்று விரலை மட்டும் நம்பாமல் வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

படி 7: சுமை எங்கிருந்து வந்தது?

ராட் போல்ட்டுக்கு அதிக இழுவை வெடிப்பின்போது வருவதில்லை, அப்போது ராட் அழுத்தப்படுகிறது. புகை வெளியேறும் வீச்சின் முடிவில் பிஸ்டன் மேலே வந்து நின்று திரும்பும் நொடியில்தான் முழு இழுவையும், அப்போது எதிர்த்துத் தள்ள வாயு அழுத்தம்கூட இல்லை. பிஸ்டனும் அதோடு ஏறி இறங்குபவையும் சேர்ந்து 0.6 கிலோ, கிராங்க் ஆரம் 40 மில்லிமீட்டர், ராட் நீளம் 135 மில்லிமீட்டர் என்று வைத்தால், 6000 சுற்றில் அந்த இழுவை சுமார் 12,300 நியூட்டன். 7500 சுற்றுக்கு ஏற்றினால் 19,000 ஐத் தாண்டிவிடும். சுற்று கால் பங்கு கூடினால் விசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. ஒருமுறை கியர் தவறி இன்ஜின் எல்லைக்கு மேல் சுற்றியதா என்று ஓட்டுநரிடம் பொறுமையாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஸ்டட் (தலையில்லாமல் இரு முனையிலும் மரையுள்ள போல்ட்) உடைவது கிட்டத்தட்ட எப்போதும் இரு முனைகளில்தான். 400 மில்லிமீட்டர் நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 550 டிகிரி சூடேறினால் சுமார் 2.4 மில்லிமீட்டர் நீளும். அதே நேரத்தில் அலுமினிய ஹெட் 80 டிகிரி சூடேறி முக்கால் மில்லிமீட்டர்தான் நீளும். மீதி ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசத்தை முனை ஸ்டட்டுகள் வளைந்து கொடுக்க வேண்டும், ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும். முனைத் துளைகள் போதிய அளவு அகலமாக இருக்கின்றனவா, யாராவது நீண்ட துளையை வாஷர் வைத்து இறுக்கிப் பூட்டிவிட்டார்களா என்று பாருங்கள். ஜிங்க் 419 டிகிரியிலும் காட்மியம் 321 டிகிரியிலும் உருகும், இவை பூசிய ஸ்டட் இந்த இடத்துக்கு ஆகாது. உருகிய பூச்சு எஃகின் படிக எல்லைகளுக்குள் புகுந்து பிளந்துவிடும், காட்மியம் உருகுவதற்கு முன்பேகூட அதைச் செய்யும்.

அலுமினிய ஹெட்டில் எஃகு போல்ட் என்றால் அலுமினியம் எஃகைவிடச் சுமார் இரு மடங்கு விரிவடையும். சூட்டில் போல்ட்டின் இழுவை கூடும், ஏற்கெனவே எல்லையில் இருக்கும் போல்ட் அப்போது நிரந்தரமாக நீண்டுவிடும், குளிர்ந்ததும் பிடிப்பு குறைந்திருக்கும். ஒருமுறை இன்ஜின் கொதித்திருந்தால் ஹெட் போல்ட்டுகளை அப்படியே திரும்பப் போட வேண்டாம்.

படி 8: ஆய்வகத்துக்கு எப்போது, என்ன கேட்டு அனுப்புவது

"ஏன் உடைந்தது என்று சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் பொதுவான அறிக்கைதான் வரும். உங்கள் சந்தேகத்தைக் கேள்வியாக எழுதுங்கள்: தொடக்கப் புள்ளியில் துருக்குழியோ மடிப்போ இருக்கிறதா, முகம் துகள் எல்லையில் பிரிந்ததா, மேல் தோலில் கார்பன் குறைவா, மரை உருட்டி எடுத்ததா வெட்டி எடுத்ததா. உருட்டிய மரையில் எஃகின் இழைகள் மரையின் வடிவத்தைத் தொடர்ந்து வளைந்து போகும், வெட்டிய மரையில் அவை அறுபட்டு நிற்கும். வெப்பப் பதனத்துக்குப் பிறகு உருட்டிய மரை சோர்வை மிக நன்றாகத் தாங்கும். விரிசலின் ஆரம்பப் பகுதியில் கறுத்த ஆக்சைடு படிந்திருந்தால் அந்த விரிசல் தயாரிப்பின்போதே, குளிரவைக்கும் கட்டத்திலேயே வந்திருக்கலாம். அப்படி ஒரு முடிவு வந்தால்தான் போல்ட்டைக் குற்றம் சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கிறது.

உடையாத போல்ட்டுகளையும் சேர்த்து அனுப்புங்கள். காந்தத் துகள் சோதனையில் அவற்றின் முதல் மரையில் சிறு விரிசல்கள் தெரிந்தால், உடைந்த முகத்தைவிடச் சுத்தமான தடயம் அது, உரசாமல் அழியாமல் உள்ளேயே இருக்கிறது.

படி 9: முடிவெடுத்து, அதைச் சோதித்துப் பாருங்கள்

கிடைத்த தடயங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு சந்தேகத்துக்கும் எதிரே அதை ஆதரிப்பது எது, மறுப்பது எது என்று இரண்டையும் எழுதுங்கள். மறுப்பதை எழுதுவதுதான் கடினம், மனம் முதலில் தோன்றிய காரணத்தையே பிடித்துக்கொள்ளும். "டார்க் அதிகம்" என்று நினைத்தால் போல்ட் நீண்டிருக்க வேண்டும், நீளவில்லையே. "எஃகு மோசம்" என்றால் கடினத்தன்மை வெளியே இருக்க வேண்டும், சரியாக இருக்கிறதே. எல்லாத் தடயத்தோடும் ஒத்துப்போகும் ஒரே ஒரு கதை மிஞ்சும்வரை அடித்துக்கொண்டே போங்கள்.

திருத்தும்போது அந்தக் குழுவின் எல்லாப் போல்ட்டையும் மாற்றுங்கள், ஏனென்றால் உடையாதவையும் அதே வாழ்க்கையை வாழ்ந்தவை. முகங்களைச் சுத்தம் செய்து, சொன்ன எண்ணெயைச் சொன்ன இடத்தில் மட்டும் தடவி, சரிபார்த்த ரெஞ்சால் வரிசைப்படி முறுக்குங்கள். இரண்டு முனையும் தொட முடிகிற ராட் போல்ட் என்றால் டார்க்கை மட்டும் நம்பாமல் நீட்சியையே அளந்து முறுக்குவது மிகச் சிறந்தது. முறுக்கியதும் தலையிலிருந்து பாகத்தின் மேல்வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு நேர்கோடு போட்டு, ஒவ்வொரு போல்ட்டின் டார்க்கையும் முறுக்குவதற்கு முன் அளந்த நீளத்தையும் தேதியோடு எழுதி வையுங்கள். பழைய போல்ட் உடைய எடுத்த நேரத்தில் பாதி ஓடியதும் நிறுத்திக் கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். கோடு நேராக இருந்தாலும் பிடிப்பு போயிருக்கலாம், சுழலாமலே நசுங்கித் தளரும் இணைப்பு அப்படித்தான். ஆகவே இறுக்கும் திசையில் மறுபடி டார்க் பாருங்கள், முடிந்தால் ஒன்றைக் கழற்றி நீளத்தை அளந்து முதல் நாள் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். டார்க் குறைந்திருந்தாலோ போல்ட் நீண்டிருந்தாலோ தாளை மறுபடி எடுத்து, நீங்கள் அடித்துவிட்ட காரணங்களில் ஒன்றைத் திரும்பப் பாருங்கள்.